படத்தில் இல்லாத ஆள்

கொஞ்சம் நீளமான பதிவு. குறிப்பாக ஆசிரியர்களும் பெற்றோரும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று தலைப்புக் கொடுத்து ஓவியப் போட்டி வைத்தால் பிள்ளைகள் என்ன வரைவார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும். தாளின் நடுவே ஒரு கோடு. ஒரு பக்கம் பச்சை மரமும் நீலக் கடலும். மறுபக்கம் கறுப்புப் புகையும் குப்பை மேடும். கண்ணீர் விடும் பூமி உருண்டை, வயிறு நிறைய பாலித்தீன் பையுடன் பசு, பைக்குள் சிக்கிய ஆமை. ஓரத்தில் குப்பைக் கூடையோடு ஒரு சிறுவனும் சிறுமியும்.

பிள்ளைகள் வரைவது பொய்யில்லை. குப்பைத்தொட்டியில் மேயும் மாட்டை எந்த ஊரிலும் பார்க்கலாம். ஆமையும் கற்பனையில்லை, பங்குனி ஆமைகள் ஆண்டுதோறும் சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வருகின்றன. ஆனால் அந்தப் பையைத் தயாரித்தவர், விற்றவர், வாங்கி வந்தவர் எவரும் படத்தில் இருப்பதில்லை. குப்பை ஏதோ வானத்திலிருந்து விழுந்ததுபோலக் கிடக்கிறது. அதைப் பொறுக்க வேண்டியவர்கள் மட்டும் பிள்ளைகள்!

இந்தப் பார்வைக்கு ஒரு வரலாறு உண்டு. அது பிளாஸ்டிக் பைக்கும் முந்தையது.

நம் ஊர் கோலி சோடாவை நினைத்துப் பாருங்கள். குடித்துவிட்டு பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவோம். அது கழுவி நிரப்பப்பட்டு மறுபடியும் வரும். பாட்டில் குப்பையே ஆவதில்லை. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. பிறகு குடித்ததும் வீசும் பாட்டில்களும் டின்களும் வந்தன. வீசிய பாட்டில்கள் மேய்ச்சல் நிலத்தில் விழுந்து மாடுகளைப் பாதிப்பதாக விவசாயிகள் முறையிட்டார்கள். 1953இல் வெர்மான்ட் மாநிலம், திரும்பப் பெற்று நிரப்ப முடியாத பாட்டில்களில் பீர் விற்பதைத் தடை செய்தது. பொறுப்பு தயாரிப்பாளர் பக்கம் போனது.

அதே 1953இல், டின், பாட்டில் செய்யும் நிறுவனங்களும் மற்றவர்களும் சேர்ந்து 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தெருவில் குப்பை போடாதீர்கள் என்று மக்களுக்குப் புத்தி சொல்வது அதன் வேலை. நல்ல காரியம்தான். ஆனால் பேச்சு 'ஏன் தயாரிக்கிறீர்கள்' என்பதிலிருந்து 'ஏன் போடுகிறீர்கள்' என்பதற்கு மாறிவிட்டது. வெர்மான்ட் தடை 1957இல் காலாவதியானது. 1971இல் அதே அமைப்பு வெளியிட்ட விளம்பரத்தில், அமெரிக்கப் பழங்குடியாக வேடமிட்ட நடிகர் குப்பையைப் பார்த்துக் கண்ணீர் விடுவார். அது உலகப் புகழ் பெற்றது. நம் பிள்ளைகள் வரையும் அழுகிற பூமியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கண்ணீர்த்துளி நினைவுக்கு வரும்.

இன்று அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான 'நோவா', எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கடல் குப்பை பற்றி ஓவியப் போட்டி நடத்துகிறது. தேர்வாகும் படங்கள் நாட்காட்டியாக வருகின்றன. அழகான படங்கள். போட்டியில் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு: குப்பை கடலை என்ன செய்கிறது? அதைத் தடுக்க நீ என்ன செய்கிறாய்? யார் தயாரித்தது என்ற மூன்றாவது கேள்வி அங்கும் இல்லை.

சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. வீசுவதற்கு மட்டுமல்ல, தயாரிக்கவும் விற்கவும் சேர்த்தே தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு, பிளாஸ்டிக் உறைகளைத் தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், அதில் பொருள் விற்கும் நிறுவனம் ஆகியோருக்கே அந்தக் கழிவின் பொறுப்பு என்று விதிமுறை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் ஸ்ட்ரா, பிளாஸ்டிக் தட்டு, கரண்டி போன்றவற்றுக்கு நாடு முழுவதும் தடை. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நம் ஓவியப் போட்டி மட்டும் கூடையோடு நின்ற இடத்திலேயே நிற்கிறது.

தலைப்புக் கொடுப்பது நாம்தானே? அடுத்த முறை 'பூமியைக் காப்போம்' வேண்டாம். 'இந்தப் பை உன் வீட்டுக்கு வந்த வழி' என்று கொடுத்துப் பாருங்கள். சூடான சாம்பாரைப் பையில் கட்டித் தரும் ஓட்டல், டீயைப் பையில் ஊற்றித் தரும் கடை, சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட், தூக்குவாளி இல்லாமல் கையை வீசிக்கொண்டு போகும் அப்பா எல்லாம் படத்துக்குள் வந்துவிடுவார்கள். பரிசளிப்பு விழாவில் பெரியவர்கள் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும்.

பிள்ளைகள் குப்பை பொறுக்கக் கற்றுக்கொள்வது நல்லதுதான். ஆனால் அந்தக் குப்பையை உண்டாக்கியது அவர்கள் அல்ல என்பதையும் நாம்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் பள்ளியில் யாராவது இப்படி ஒரு தலைப்புக் கொடுத்திருந்தால் எழுதுங்கள். பிள்ளைகள் என்ன வரைந்தார்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.