பீற்றர்கோவ் மாளிகையின் நீர்வழி

உருசியப் பேரரசர்கள் வேனிற்காலத்தைக் கழித்த பீற்றர்கோவ் மாளிகை, சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகருக்கு மேற்கே ஏறக்குறைய 18 மைல் தொலைவில், பின்லாந்து வளைகுடாவின் தென்கரையில் அமைந்துள்ளது. கடல்வழியே வருவோரை முதலில் எதிர்கொள்வது, கரையிலிருந்து மாளிகையை நோக்கி நேரே செல்லும் கால்வாயேயாம். அதன் முடிவில், பொன்முலாம் பூசிய சிம்சோன் சிங்கமொன்றின் வாயைப் பிளந்து நிற்கின்றான். அவ்வாயினின்று ஒற்றை நீர்த்தாரை 65 அடி உயரம் எழுகின்றது. அதன் பின்னே 64 நீரூற்றுக்களைக் கொண்ட படியருவி; அதற்கும் மேலே மேட்டின் விளிம்பில் மாளிகை. இந்நீரை மேலெழுப்புவதற்குப் பொறி ஒன்றேனும் இல்லை என அறியும்போதே மெய்யான வியப்பு உண்டாகும்.

மகா பீற்றர் 1717ஆம் ஆண்டிலே பிரான்சு சென்று வேர்சேல்ஸ் மாளிகையைக் கண்டார். அங்கே பதினான்காம் லூயி, செயின் ஆற்று நீரை மேட்டுக்கு ஏற்றுதற்பொருட்டு, 14 பெருஞ் சக்கரங்களையும் இருநூறுக்கு மேற்பட்ட நீரேற்றிகளையுங் கொண்ட மார்லிப் பொறியை 1684இல் நிறுவியிருந்தார். அவ்வளவு முயன்றும் நீர் போதவில்லை. மன்னர் உலாவருங்கால் அவர் அணுகும் ஊற்றைத் திறப்பதும், அவர் கடந்தபின் அதனை மூடுவதும் பணியாளரின் தொழிலாயிற்று. பேரரசின் பெருமையைக் காட்ட எழுந்த ஊற்றுக்கள், அரசரின் முதுகுக்குப் பின்னே வறண்டு கிடந்தன!

பீற்றர் முதலில் வேர்சேல்சுக்கு நிகரானதொரு மாளிகையைத் தலைநகருக்கு அண்மையிலுள்ள ஸ்திரெல்னாவிலேயே அமைக்க எண்ணினார், வேலையுந் தொடங்கிற்று. ஆனால், அங்கே நீரூற்றுக்களுக்கு வேண்டிய நீரைத் தடையின்றிப் பெறுதல் அரிதெனக் கண்டதும், தொடங்கிய இடத்தை விட்டு மேற்கே பீற்றர்கோவை நாடினார். தன் விருப்பத்துக்கு நாட்டையே வளைத்த அம்மன்னர், நிலத்தின் சாய்வுக்குத் தாம் வளைந்தது குறிப்பிடத்தக்கது.

பீற்றர்கோவுக்குத் தெற்கேயுள்ள ரொப்சா மேட்டுநிலத்தில் வற்றாத ஊற்றுக்கள் உள. 1720ஆம் ஆண்டிலே பீற்றர் அவற்றைக் கண்டறிய, வசீலி துவோல்கொவ் என்னும் பொறியியலாளர் அங்கிருந்து 12 மைலுக்கு மேல் நீண்ட கால்வாயை வெட்டுவித்தார். படைவீரரும் குடியானவரும் மண்சுமந்து உழைக்க, 1721இல் நீர் வந்து சேர்ந்தது. அவர்களுள் எவரது பெயரும் மாளிகைச் சுவரிற் பொறிக்கப்படவில்லை. மேலைப் பூங்காவின் குளங்களிலே தேங்கும் நீர், குழாய்வழி கீழிறங்கித் தன் பழைய மட்டத்தை மீண்டும் அடைய முயல்கின்றது, அம்முயற்சியே நீர்த்தாரையாகின்றது. ஊற்றுக்கள் நாள் முழுவதும் ஓயாது பாய்வதும் இதனாலேயே.

மாளிகை 1723இல் திறக்கப்பட்டது. எனினும் பீற்றர் விரும்பித் தங்கியது, கடலோரத்தில் செங்கல்லாற் கட்டிய மொன்பிளேசிர் என்னும் தாழ்ந்த மனையிலேதான். இன்று காணப்படும் பெருமாளிகையின் வடிவம் அவருடையதன்று; அவர் மகள் எலிசபெத் அரசியின் ஆணைப்படி, 1745 முதற் பத்தாண்டுக் காலத்தில் இளைய ரஸ்திரெல்லி விரித்தமைத்தது. சிம்சோன் ஊற்றும் பீற்றர் மறைந்தபின், 1735இல் எழுந்ததே. 1709இல் சுவீடன் படையைப் பொல்தாவாவில் வென்றது புனித சிம்சோன் திருநாளன்றாகும். சுவீடனின் அரசச் சின்னத்திலோ சிங்கம் உண்டு.

1941 செப்தெம்பரில் செர்மானியப் படை பீற்றர்கோவைக் கைப்பற்றியது. 1944 சனவரியில் அது மீட்கப்பட்டபோது, மாளிகை கூரையிழந்து எரிந்த சுவர்களாய் நின்றது. சிம்சோன் சிலையைக் காணவில்லை. அது பின்னரும் அகப்படவில்லை. பழைய ஒளிப்படங்களைத் துணைக்கொண்டு சிற்பி சிமோனொவ் புதிய சிலையொன்றை உருவாக்கினார். 1947இல் அது பீடமேறியது. ரொப்சாவிலிருந்து வந்த நீர், துவோல்கொவ் வகுத்த வழியே இறங்கி, புதிய சிங்கத்தின் வாயினின்று மேலெழுந்தது.