சிரட்டைக் கரியும் சிலிண்டரும்

எங்கள் பக்கத்தில் சமையலறைக்கு இன்றும் ‘குசினி’ என்றுதான் பெயர். அது போர்த்துக்கேயச் சொல். சிங்கள அயலவர்கள் அதையே ‘குஸ்ஸிய’ என்பார்கள். வஹகோட்டைக் கத்தோலிக்கக் குடும்பங்களின் முன்னோர் கண்டியரசிடம் அகப்பட்ட போர்த்துக்கேயப் படையினர் என்பது இங்கு வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர்களது மொழி மறைந்தும் குசினி மட்டும் நிலைத்துவிட்டது.

இந்தக் குசினிக்கு அண்மையில் வந்து சேர்ந்திருப்பது ‘கிரில்’ அடுப்பு. மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய பிள்ளைகள் பலருக்கு வேலைநாள் இரவிலும் சுட்ட கோழி வேண்டும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம். அதற்குள் அடுப்பை மூட்டிச் சுட்டுச் சாப்பிட்டு முடிப்பதற்கு ஏற்றது எது? கரியா, காஸா, ‘பெலட்’ எனப்படும் அழுத்திய மரத்தூள் குச்சியா? ஆசிரியர் அறையிலும் இந்த வாதம் நடந்தது. இதற்கு விடை காண மூன்றின் வரலாற்றையும் சற்றுப் புரட்ட வேண்டியிருக்கிறது.

கரியில் எங்களுக்கு வாய்த்தது சிரட்டைக் கரி. பத்துக் கிலோ சிரட்டையைக் குழியிலிட்டு எரித்து மூடினால் மூன்று கிலோவளவில் கரி மிஞ்சும். அடர்த்தியானது, நன்றாகப் பற்றியபின் புகை குறைவு. முதலாம் உலக யுத்தத்தில் நச்சுவாயு முகமூடிகளுக்குள் இட்டதும் சிரட்டை போன்றவற்றின் கரியைத்தான். 1973 இல் ஹேகார்ப் நிறுவனம் தொடங்கப்பட்டதன் பின்னர், இலங்கைச் சிரட்டைக் கரி ‘உயிர்ப்பூட்டிய காபன்’ ஆகிக் கப்பலேறுகிறது. எங்கள் தோட்டத்துச் சிரட்டை எந்த நாட்டுத் தண்ணீரை வடிகட்டுகிறதோ, யாரறிவார்!

அமெரிக்காவில் ஹென்றி போர்ட் 1920களில் தமது மோட்டார்த் தொழிற்சாலையின் மரக்கழிவைக் கரிக்கட்டியாக்கி விற்றார். 1952 இல் ஜோர்ஜ் ஸ்டீபன் என்பவர் மிதவைக் கோளத்தை இரண்டாக வெட்டி மூடியுள்ள கரி அடுப்பைச் செய்தார். எங்கள் ஊர் ஒட்டுவேலைக்காரர் தகரப் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து செய்வதும் ஏறக்குறைய அதுதான். அவர் ஸ்டீபனைக் கேள்விப்பட்டதில்லை. கரியின் குறை நேரம். தணல் வெளிறிச் சாம்பல் பூக்க அரை மணித்தியாலம் போய்விடும். துளையிட்ட பெரிய பால்மாப் பேணிக்குள் அடுக்கி அடியில் கடதாசி கொளுத்தினால் பத்து நிமிடம் மிச்சம். ஆனால் மழையென்று அடுப்பை உள்ளே இழுத்துவிடக் கூடாது. கரி கக்கும் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. மூடிய அறையில் உயிரைக் குடித்துவிடும்.

வேகத்தில் காஸை எதுவும் வெல்லாது. திருகினால் தீ, பத்து நிமிடத்தில் கம்பிகள் சூடாகிவிடும். ஆனால் அந்தத் திருகாணி நம் கையில் இருப்பதாக நினைத்ததுதான் பிழை. 1995 இல் இத்தொழில் ஷெல் நிறுவனத்திடம் போனது. 2010 இல் அரசு திரும்ப வாங்கி லிற்றோ என்று பெயரிட்டது. 2021 இறுதியில் அடுப்புகள் வெடித்தன. புரொப்பேன், பியூற்றேன் கலவை விகிதம் மாறியதே காரணம் என்றது விசாரணைக் குழு. அவ்வாண்டு ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் பாடசாலைக்கு லீவு போட்டு வரிசையில் நின்று வெறுஞ் சிலிண்டரோடு திரும்பியவன் நான். என் மனைவி கொல்லையில் மூன்று கல் வைத்து, ஈரக் கிளிரிசீடியாக் கொம்பை ஊதி ஊதிக் கண் சிவந்தாள். உம்மாவின் கண்கள் சிறுவயதில் எனக்கு அப்படித்தான் ஞாபகம்.

பெலட் அடுப்பைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். 1973 எண்ணெய் நெருக்கடியின் பின் மேற்கில் வீடு சூடாக்கப் பரவிய எரிபொருள் அது. ஒரேகனில் ஜோ டிரேகர் அதைச் சமையலடுப்புக்குக் கொண்டுவந்து 1986 இல் காப்புரிமை பெற்றார். திருகுதண்டு குச்சியைத் தள்ளும், சூட்டுக் கம்பி பற்றவைக்கும், விசிறி காற்றூட்டும். பக்கத்தில் நிற்கவே தேவையில்லை. மூன்றுக்கும் மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மரத்தூள் எங்கள் ஆலைகளில் குவிந்து கிடக்கிறது. குச்சியாக்கும் இயந்திரந்தான் ஊரில் இல்லை. உமி அடுப்பிலும் மரத்தூள் அடுப்பிலும் சமைத்த நாட்டுக்கு இந்தப் பொருள் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வேலைநாளில் காஸ். எலும்பு நீக்கி மெல்லிதாக அரிந்து, காலையிலேயே மிளகும் தயிரும் பூசி வைத்தால் சுடுவதற்குக் கால் மணித்தியாலம் போதும். அவசரத்தைத் தீர்ப்பதில் பாதி அந்தக் கத்திதான். ஆனால் பீப்பாய் அடுப்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அது குசினிச் சுவரோடு சாய்ந்திருக்கிறது. மேலே பரணில் ஒரு சாக்குக் கரி. மாரி மழைக்கு முன் இன்னொரு சாக்கு வாங்கி வைக்கச் சொல்லி மனைவி இரண்டு தடவை நினைவூட்டிவிட்டாள்.