மாநிலமாக இருந்த சிங்கப்பூர்

கிராஞ்சி போர் நினைவிடத்தை ஒட்டிய அரசு மயானத்தில் இரண்டே கல்லறைகள். ஒன்று, 1970இல் மறைந்த முதல் அதிபர் யூசோஃப் இஷாக்குடையது. சிங்கப்பூர் மலேசியாவின் மாநிலமாக இருந்தபோதும் அதன் தலைவர் அவரே.

1963 செப்டம்பர் 16இல் மலேசியா பிறந்தது. தற்காப்பும் வெளியுறவும் கோலாலம்பூர் வசம்; கல்வியும் தொழிலாளர் துறையும் சிங்கப்பூர் வசம். இந்தச் சலுகைக்குக் கொடுத்த விலை என்ன? நாடாளுமன்றத்தின் 159 இடங்களில் 15தான் கிடைத்தன. மக்கள்தொகை குறைந்த சரவாக்குக்கோ 24!

அமெரிக்காவில் இந்தப் பேரம் கிடையாது. பெரிய கலிபோர்னியாவுக்கும் சின்ன வயோமிங்குக்கும் செனட் சபையில் இரண்டிரண்டு இடங்கள். மாநில ஆளுநரையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் எந்த மாநிலமும் தன் விருப்பப்படி விலக முடியாது என்று 1869இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சிங்கப்பூரின் கதை வேறு. வரிப்பணம், பொதுச் சந்தை என்று சச்சரவுகள் வளர்ந்தன. 1964இல் இனக் கலவரங்கள் உயிர்களைப் பறித்தன. மத்திய அரசும் மாநில அரசும் பேசிக் கையெழுத்திட்டன. கையெழுத்திட்ட சிங்கப்பூர் அமைச்சர்களில் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினமும் ஒருவர்.

1965 ஆகஸ்ட் 9. மாநிலம் நாடானது. மாநிலத் தலைவர், நாட்டின் அதிபரானார். அவர்தான் இன்று கிராஞ்சியில் உறங்குகிறார்.