கண் பார்த்த வேலையும் கணினி பார்க்கும் வேலையும்

ஜார்ஜ் டவுனிலிருந்து பாயான் லெப்பாஸ் விமான நிலையம் போகும் வழியில் வரிசையாக நிற்கும் தொழிற்சாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1969-இல் ஜார்ஜ் டவுன் தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வாணிபம் படுத்தது; வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. அவ்வாண்டு முதலமைச்சரான லிம் சோங் இயூ அவர்களின் முயற்சியால் 1972-இல் பாயான் லெப்பாசில் தீர்வையற்ற வாணிப வட்டாரம் எழுந்தது. இன்டெல், போஷ், ஹிட்டாச்சி என்று கம்பெனிகள் வந்தன.

அந்நாளில் கட்டுப்பாடு என்றால் மனிதக் கண்தான். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துச் சில்லுகளில் ஒட்டியவர்கள் மலாய், சீன, தமிழ் இளம்பெண்கள். கைக்குச் சம்பளம் வந்தது. கண்ணுக்கு நோவும் வந்தது.

பிறகு தானே ஒட்டும் மிசின் வந்தது. சூடு இவ்வளவு, அழுத்தம் இவ்வளவு என்று மனிதன் வகுத்த விதிப்படி நடந்தது. இன்றைய செயற்கை அறிவோ நல்ல சில்லு, பழுதான சில்லு இரண்டின் படங்களையும் ஆயிரக்கணக்கில் பார்த்துத் தானே பழகுகிறது. பழுது தலைகாட்டும்போதே சூட்டையும் அழுத்தத்தையும் திருத்த வழி சொல்கிறது.

ஆனால், எது பழுது என்று அதற்கு முதலில் காட்டிக் கொடுப்பது யார்? பழகிய மனிதக் கண்தானே!

ஆகவே மாணவர்களே, அந்தக் காலத்து ஃபேக்டரியில் உழைத்த பாட்டியோ அத்தையோ உங்க வீட்டில் இருந்தால், அவர்கள் கண்டறிந்ததைக் கேட்டு எழுதி வையுங்கள். நாளை நீங்கள் பொறியாளரானால், மிசின் சொன்னதை அப்படியே நம்பிவிடாமல் ‘ஏன்?’ என்று கேளுங்கள். அதுவே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.