டயர் செருப்பும் மலையோட்டமும் - ஒரு சின்ன வரலாறு

மலைப்பாதையில ஓடுறதுக்குன்னே தனியா ஷூ விக்கிறாங்க, தெரியுமா? அதுலயும் எடை குறைஞ்ச ஷூவுக்குன்னு ஒரு தனிக் கூட்டமே இருக்கு. அடிப்பாகம் மெலிசா இருக்கணும், கல்லும் மண்ணும் காலுக்குத் தெரியணும், கையில தூக்கினா காத்து மாதிரி இருக்கணும். விலை மட்டும் கனம் :) பத்தாயிரம் ரூபாயைச் சர்வ சாதாரணமா தாண்டுது. இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு படிச்சுப் பார்த்தா, கதையில ஷூ கம்பெனிக்கு முன்னாடி பழைய டயர் வருது. அப்படியே நம்ம ஜில்லா பக்கமும் வருது.

மெக்சிகோவோட வடமேற்குல சியரா மாத்ரேன்னு ஒரு மலைத்தொடர். அங்க இருக்கிற பழங்குடி மக்கள் பேரு ராராமுரி. ஆழமான பள்ளத்தாக்குகள்ல ஓடி ஓடியே பழகினவங்க. அவங்க செருப்பு ரொம்ப எளிமை. முன்னாடி தோல்ல செஞ்சாங்க, பிற்பாடு பழைய டயர்ல. பாத அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, ஓட்டை போட்டு, வாரைக் கோத்துக் கணுக்கால்ல கட்டினா முடிஞ்சது.

1993ல அமெரிக்காவோட கொலராடோ மாநிலத்துல லெட்வில்ங்கிற ஊர்ல நடந்த 100 மைல் மலையோட்டத்துக்கு இவங்கள்ல சிலர் வந்தாங்க. அந்த ஊரே கடல் மட்டத்துக்கு 10,000 அடி மேல இருக்கு. முதலாவதா ஓடி முடிச்சவர் விக்டோரியானோ சூரோ. வயசு 55! கால்ல டயர் செருப்பு. சுமார் 20 மணி நேரத்துல 160 கிலோமீட்டர். 2017ல அதே இனத்தைச் சேர்ந்த லொரேனா ராமிரெஸ், பாவாடையும் செருப்புமா ஓடி, மெக்சிகோவுல ஒரு 50 கிலோமீட்டர் மலையோட்டத்துல பெண்கள் பிரிவுல ஜெயிச்சாங்க.

வியட்நாம்லயும் இதே கதைதான். அமெரிக்காவோட சண்டை நடந்த காலத்துல ட்ரூவோங் சோன் மலைக்காடு வழியா ஆளும் மூட்டையும் போன பாதையில, நிறைய பேர் கால்ல இருந்தது டயர் செருப்பு. அதுக்கு 'ஹோ சி மின் செருப்பு'ன்னே பேரு வந்துடுச்சு.

இன்னொரு பக்கம் ஐரோப்பா. 1935ல இத்தாலியில ஆல்ப்ஸ் மலை ஏறப் போன ஆறு பேர் பனிப்புயல்ல மாட்டி இறந்துட்டாங்க. அவங்க நண்பர் விட்டாலே பிராமானி, சரியான காலணி இருந்திருந்தா பிழைச்சிருப்பாங்களேன்னு யோசிச்சு, 1937ல பள்ளம் மேடு வச்ச ரப்பர் அடிப்பாகத்தைக் கொண்டு வந்தார். அதுதான் விப்ரம். பணம் போட்டு உதவினது யார் தெரியுமா? டயர் கம்பெனி பிரெல்லி. ஆக, பணக்கார மலையேறிக்கும் ஏழைக்கும் கால்ல ஏறினது ஒரே ரப்பர்தான். ஒருத்தருக்குப் புதுசு, ஒருத்தருக்குப் பழசு!

2009ல கிறிஸ்டோபர் மெக்டூகல் ராராமுரி மக்களை வச்சு 'பார்ன் டு ரன்'னு ஒரு புத்தகம் எழுதினார். 2010ல ஹார்வர்டு பேராசிரியர் டேனியல் லீபர்மேன் குழு 'நேச்சர்' இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வெறுங்கால்ல ஓடிப் பழகினவங்க பெரும்பாலும் குதிகாலை முதல்ல ஊனாம முன்பாதத்தை ஊனுறாங்க, அதனால தரையில மோதுற அதிர்ச்சி குறையுதுன்னு சொன்னாங்க. அவ்வளவுதான், மெலிசான ஷூவுக்கு மார்க்கெட் பிச்சுக்கிச்சு. அதே விப்ரம் கம்பெனி அஞ்சு விரலும் தனித்தனியா தெரியற ஷூவை வித்துச்சு. காயம் குறையும், கால் தசை பலமாகும்னு விளம்பரம் பண்ணினாங்க. ஆதாரம் இல்லைன்னு 2012ல அமெரிக்காவுல வழக்கு. 2014ல 37.5 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதிச்சு சமரசம் ஆச்சு (தப்பு செஞ்சோம்னு மட்டும் ஒத்துக்கல).

சரி, நம்ம ஊருக்கு வருவோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மலை கிடையாது. கரிசக்காடும் கண்மாயும் சீமைக்கருவேலமும்தான். ஆனா அந்த முள்ளு ஒண்ணு போதும். ஹவாய் செருப்பை அப்படியே துளைச்சுட்டு வந்துரும். அதனாலதான் காட்டு வேலைக்குப் போறவங்களுக்கு டயர் செருப்பு. லேசுன்னு சொல்ல முடியாது, ஆனா முள் ஏறாது, சீக்கிரம் தேயாது. எங்க காமர்ஸ் பாடத்துல தேய்மானம்னு ஒண்ணு வரும். டயர் செருப்புக்கு அந்தக் கணக்கு போட உட்கார்ந்தா, வருஷம் போகுமே தவிர தேய்மானம் வராது. மலைன்னா எங்க ஆட்களுக்கு மேற்கே இருக்கிற சதுரகிரி. ஆடி அமாவாசைக்கு வத்திராயிருப்பு தாண்டி தாணிப்பாறையிலேர்ந்து பாறையும் ஓடையுமா ஏறுவாங்க. செருப்போட ஏறுறவங்க உண்டு, வேண்டுதலுக்காக வெறுங்கால்ல ஏறுறவங்களும் உண்டு.

இங்கதான் நான் நின்னுட்டேன். வெறுங்கால் எல்லாருக்கும் வேண்டுதலா இருந்ததில்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகிச்ச ஹட்டன், 1946ல வந்த தன்னோட 'இந்தியாவில் சாதி' புத்தகத்துல ஒரு விஷயம் பதிவு பண்ணியிருக்கார். 1930 டிசம்பர்ல ராமநாதபுரம் மாவட்டத்துல ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை விதிச்சாங்க. நகை கூடாது, சட்டை கூடாது, முழங்காலுக்குக் கீழ வேட்டி கூடாது... இப்படிப் போகுது. எட்டாவது தடை, ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்பும் போடக் கூடாது. மீறினவங்க குடிசையைக் கொளுத்தினாங்க, ஆடு மாட்டைக் கொள்ளையடிச்சாங்க. 1931ல இன்னும் பதினொரு தடை சேர்ந்துச்சு. இது அருப்புக்கோட்டையில நடந்ததுன்னு நான் சொல்ல வரலை. ஆனா 1985ல மாவட்டம் பிரியற வரைக்கும் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அதே ராமநாதபுரம் மாவட்டம்தான்.

யோசிச்சுப் பாருங்க. கத்திரி வெயில்ல கரிசல் மண் எப்படிக் கொதிக்கும்னு நமக்குத் தெரியும். அதுல ஒருத்தரை வெறுங்கால்ல நடன்னு சொல்றது வெறும் அவமானம் இல்லை, தினமும் கொடுக்கிற தண்டனை. "வெறுங்கால்தான் இயற்கை, செருப்பு மனுஷனைக் கெடுத்துடுச்சு"ன்னு சிலர் எழுதறதைப் படிக்கும்போது எனக்கு இந்த எட்டாவது தடைதான் ஞாபகம் வருது. அலமாரியில ஷூ இருக்கிறவன் அதைக் கழட்டி வச்சுட்டு ஓடுறது வேற. செருப்பு போட்டா வீடு எரியும்னு பயந்து நடந்தது வேற. ரெண்டையும் ஒரே 'வெறுங்கால்'ல அடக்க முடியாது.

லேசான ஷூ நல்லதா கெட்டதான்னு மருத்துவர்கள் பார்த்துக்கட்டும். எனக்கு ஒரு வேண்டுகோள்தான் நண்பர்களே. உங்க வீட்டுலயோ தெருவுலயோ எழுபது, எண்பது வயசுப் பெரியவங்க இருந்தா ரெண்டு கேள்வி கேளுங்க. முதல் செருப்பு எந்த வயசுல போட்டீங்க? எந்தத் தெரு வந்தா அதைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டீங்க? ரெண்டாவது கேள்விக்கு சிலர் சிரிப்பாங்க, சிலர் பேச்சை மாத்துவாங்க. கிடைக்கிற பதிலை ஊர், வருஷத்தோட எழுதி வச்சுக்கோங்க. அவங்க போயிட்டா கேக்க ஆள் கிடையாது.