தந்தையும் மைந்தரும் வாசித்த நால்வர் இசை

அந்நாளில் வியன்னாவின் புறநகராயிருந்த லிக்டன்டாலின் பங்கு ஆலயம் 1814-ஆம் ஆண்டில் தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியது. விழாத் திருப்பலிக்குப் புதிதாக இசை அமைத்தவர் 17 வயதே நிரம்பிய உள்ளூர் இளைஞர் பிரான்ஸ் ஷூபர்ட். ஜூபிலி மலர் ஒன்றில் அவரை நினைப்பது பொருத்தமே. எனினும் நாம் இங்கு சொல்ல விரும்புவது, அவ்விழாவுக்கு முன்பே அவர் வீட்டில் ஒலித்த இசையைப் பற்றி.

தந்தை பள்ளி ஆசிரியர், வருவாய் குறைவு. பிறந்த 14 குழந்தைகளில் பிழைத்து வளர்ந்தோர் ஐவரே. அவ்வறுமையிலும் தந்தையே மகனுக்கு வயலின் கற்பித்தார். மூத்த அண்ணன் இக்னாஸ் பியானோ கற்பித்தார். பின்னர் பங்கின் பாடற்குழுத் தலைவர் மிக்கேல் ஹோல்சரிடம் சிறுவனை அனுப்பினார்கள். 1808-இல் அரண்மனை ஆலயப் பாடகச் சிறுவனாகத் தேர்வாகி, விடுதிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே உணவு போதவில்லை. ஒரு ரொட்டியும் சில ஆப்பிளும் வாங்கச் சில்லறை அனுப்பும்படி 1812-இல் அண்ணனுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் நம் நெஞ்சைத் தொடுகிறது. தாய் இறந்ததும் அதே ஆண்டில்தான்.

விடுமுறைக்கு வீடு வந்தால் நால்வரும் கூடி அமர்வார்கள். அண்ணன்மார் இக்னாசும் பெர்டினாந்தும் வயலின். பிரான்ஸ், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா. தந்தை, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ. இந்த நால்வருக்காகவே சிறுவர் எழுதிக் குவித்தார். தந்தை பிழையாக வாசித்தால், முதல்முறை மகன் கேளாதவர்போல் இருப்பாராம். மீண்டும் பிழைத்தால், எங்கோ ஏதோ தவறியிருக்க வேண்டும் என்று புன்முறுவலோடு மெல்லச் சொல்வாராம். (நம் பாடற்குழுவினர் கவனிக்க!) இது பெர்டினாந்து பிற்காலத்தில் எழுதி வைத்த செய்தி.

1813 நவம்பரில் எழுதிய நால்வர் இசையொன்று, அவர் மறைந்த பின் 1830-இல்தான் அச்சேறியது. 1814 செப்டம்பரில் எழுதிய மற்றொன்றின் முதற்பகுதியை நாலரை மணி நேரத்தில் முடித்ததாக ஏட்டிலேயே குறித்திருக்கிறார். இளைஞரின் பெருமிதம்! அதில் குறை காண நமக்கு மனமில்லை.

ஆனால் இசையை நம்பி மகன் பிழைக்க முடியும் என்று தந்தை எண்ணவில்லை. 1814-இல் தம் பள்ளியிலேயே அவரை உதவி ஆசிரியராக்கினார். அப்பணியில் மகனுக்கு மனம் ஒட்டவில்லை. சில ஆண்டுகளில் விட்டுவிட்டார். தந்தையைக் கடிந்துகொள்வோர் உண்டு. வயலினை அவர் கையில் முதலில் கொடுத்தவரும் அதே தந்தைதான் என்பதை அவர்கள் மறக்கலாகாது.

ஷூபர்ட் 1828 நவம்பர் 19 அன்று, 31 வயதில், பெர்டினாந்தின் இல்லத்தில் உயிர்நீத்தார். கையெழுத்து ஏடுகள் பலவற்றை அண்ணனே காத்து வைத்தார். அவற்றுள் இருந்த பெரிய சிம்பொனி ஒன்றை இசைமேதை ஷூமான் அங்கே கண்டெடுத்தார். 1839-இல் அது லைப்சிக் நகரில் முதன்முறையாக ஒலித்தது.