கடல் காற்றாலைத் தூண் எஃகும் காரைக்கால் துறைமுகமும்

கடலில் நிறுத்தும் காற்றாலையின் அடித்தளம் பெரும்பாலும் எஃகுதான். ஆழம் குறைந்த இடத்தில் மோனோபைல் எனப்படும் ஒற்றைக் குழாய்த் தூணை அடித்து இறக்குவார்கள். ஆழம் கூடினாலோ அடியில் பாறை இருந்தாலோ மூன்று நான்கு கால்கள் கொண்ட ஜாக்கெட் சட்டம் வைப்பது வழக்கம். இந்தியக் கடலில் இவற்றில் ஒன்றின் மேலும் இன்னும் காற்றாலை சுழலவில்லை.

தூணுக்கு வேண்டியது கட்டடக் கம்பி அல்ல, தடித்த தகடு. தகட்டைப் பெரிய உருளைகளுக்கு இடையே செலுத்தி வளைத்து, விளிம்புகளைப் பற்றவைத்தால் ஒரு வளையம் கிடைக்கும். மேலே ஃபிளக்ஸ் தூள் கொட்டிக்கொண்டே போவதால் வெல்டிங் சுடர் கண்ணுக்குத் தெரியாது. தூளைத் தட்டியபின்தான் தையல் தெரியும். அதை மீயொலியால் சோதித்த பிறகே அடுத்த வளையத்தைச் சேர்ப்பார்கள். 8 மீட்டர் விட்டம், 3.5 மீட்டர் உயரம், 10 சென்டிமீட்டர் தடிமன் கொண்ட ஒரே வளையம் சுமார் 69 டன். இப்படிப் பல வளையங்கள் சேர்ந்தது ஒரு தூண். அதைச் சாலையில் கொண்டுபோக வழியில்லை. ஆகவே பட்டறை நீர்முனையிலேயே அமைய வேண்டும்.

காரைக்கால் பேச்சில் வருவது இதனால்தான். வாஞ்சூரில் 2009-இல் இயங்கத் தொடங்கிய துறைமுகத்தை 2023 ஏப்ரலில் அதானி நிறுவனம் 1,485 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஐந்து கப்பல் தளங்கள், ரயில் பாதை, ஆண்டுக்கு 2.15 கோடி டன் கையாளும் திறன். முதன்மைச் சரக்கு நிலக்கரி. 500 மெகாவாட் பூங்காவுக்கு 10 மெகாவாட் ஆலைகள் ஐம்பது, தூணுக்கு 1,200 டன் என்று வைத்துக்கொண்டாலும் 60,000 டன்தான். துறைமுகத்துக்கு இது கொசுறு. எடை சிக்கலில்லை, அளவுதான் சிக்கல்.

பக்கத்து எஃகும் கைகொடுக்காது. சேலத்தில் அரசு ஆலை துருப்பிடிக்காத எஃகையும், ஜே.எஸ்.டபிள்யூ ஆலை கம்பி, தண்டு வகைகளையும் செய்கின்றன. அகலத் தகடு ஒடிசாவின் அங்குலிலும் ரூர்கேலாவிலும் குஜராத்தின் ஹசீராவிலும் உருள்கிறது. அகல ரயில் பாதையில் சரக்கின் வழக்கமான அகல வரம்பு 3.25 மீட்டர், அதைத் தாண்டினால் தனி அனுமதி வாங்க வேண்டும். ஒடிசாத் தகடு பாராதீப்பில் கப்பலேறி வங்கக் கடலோரமாக இறங்கி வருவதுதான் இயல்பான வழி. அந்த வகையில் காரைக்கால் சரியான கரையில் இருக்கிறது.

தூணை நட வேண்டிய இடம்தான் மறுகரை. தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் தமிழகத்துக்குக் குறித்த எட்டுப் பகுதிகள் தென்கோடிக் கடலில், மன்னார் வளைகுடா, கன்னியாகுமரிப் பக்கம். பாக் நீரிணைக்கும் வளைகுடாவுக்கும் நடுவே ராமர் பாலத்தின் ஆழமற்ற மணல்திட்டுகள் கிடக்கின்றன. பெரிய கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். 2005-இல் தொடங்கிய சேதுசமுத்திரக் கால்வாய் முடிந்திருந்தால் கணக்கு மாறியிருக்கலாம். இப்போதைக்கு வசதி தூத்துக்குடிக்கே.

மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் குஜராத்துக்கும் தமிழகத்துக்கும் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைகளுக்காக 7,453 கோடி ரூபாய் திட்டத்தை ஏற்றது. அதில் 600 கோடி இரு துறைமுகங்களை மேம்படுத்த. தமிழகக் கடற்பரப்பில் 4,000 மெகாவாட்டுக்கு விடப்பட்ட ஏலம் 2025 ஆகஸ்டில் ரத்தானது.